வெட்டிச் செலவுக்கு ஒரு வக்காலத்து

படப்பையில் கார் வாங்குவதென்றால் பஞ்சாயத்து கூடாமல் முடியாது. போன பொங்கலுக்கு வாய் தவறி வீட்டில் சொல்லிவிட்டேன். சித்தப்பா முதலில் கேட்டார்: “எவ்ளோ குடுக்கும்?” அடுத்தது மாமா: “அஞ்சு பேரு தாராளமா உக்காரலாமா?” மூன்றாவது கேள்வி யார் வாயிலிருந்தாவது வந்தே தீரும்: “நாளைக்கு வித்தா என்ன விலைக்குப் போகும்?” வண்டி இன்னும் வாங்கவே இல்லை, அதற்குள் விற்றாகிவிட்டது. ஓட்டினால் எப்படி இருக்கும் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

எனக்கு வேண்டியது பத்து லட்சத்துக்குள், தாழ்வான, எடை குறைந்த, இரண்டே கதவு வைத்த ஒரு கார். அப்படி ஒன்று இங்கே ஷோரூமில் கிடையாது என்பது எனக்கும் தெரியும். ஆசையைச் சொன்னேன், அவ்வளவுதான். “வெட்டிச் செலவுடா அது” என்றார் மாமா. தெரியாமலே சரியான அர்த்தத்தைச் சொல்லிவிட்டார். கூபே என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு ‘வெட்டப்பட்டது’ என்றுதான் பொருள். குதிரை வண்டிக் காலத்தில், எதிரெதிரே உட்காரும் பெரிய கோச்சு வண்டியில் பாதியை வெட்டி, இரண்டு பேருக்கான சின்ன வண்டியாக ஆக்கினார்கள். பெயர் அப்படியே காருக்கு வந்தது. வேண்டாததை எடுத்துவிட்ட வண்டி.

இப்போது அந்தப் பெயரையே நம்மிடமிருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். 2024இல் டாடா கர்வ் வந்தது, பக்கத்து மாவட்டமான திருவள்ளூரில் தயாராகும் சிட்ரோயன் பசால்ட் வந்தது. இரண்டுக்கும் ‘எஸ்யூவி கூபே’ என்று பட்டம். நான்கு கதவு, ஏணி வைத்து ஏறாத குறையாக உயரம், பின்பக்கம் மட்டும் சரிந்த கூரை. எதை வெட்டினார்கள்? பின்சீட்டில் உட்காருகிறவரின் தலைக்கு மேலிருந்த ரெண்டு விரல் இடத்தை. வண்டியாக அவற்றின் மேல் எனக்குப் பகை இல்லை. வாங்கியவர்கள் சந்தோஷமாகவே இருக்கிறார்கள். அந்தப் பெயரைத் திருப்பிக் கொடுங்கள் என்கிறேன்.

இந்த வித்தையை முதலில் செய்து பார்த்ததும் நம்ம ஏரியாதான். படப்பையிலிருந்து வண்டலூர் போய் ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம் பக்கம் திரும்பினால், பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்த இடம் வரும். இன்று ஐடி கட்டடங்களும் அடுக்குமாடிகளும். 1985இல் அங்கிருந்து ‘ஸ்டாண்டர்டு 2000’ என்று ஒரு கார் வந்தது. இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 காரின் உடல் அது. ஃபெராரி டேடோனாவைப் பார்த்து மயங்கி வரைந்த உடல், அவ்வளவு அழகு. அங்கே அதற்கு 3.5 லிட்டர் வி8 இன்ஜின்கூட உண்டு. இங்கே என்ன செய்தார்கள்? பழைய வான்கார்டு கார் காலத்து வம்சத்தில் வந்த 1991 சிசி இன்ஜினைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். நம்ம ரோட்டுக்காக என்று உயரத்தை ஏற்றினார்கள். சிங்கத்தின் தோலுக்குள் செக்குமாடு. வண்டி விற்கவில்லை, 1988இல் தொழிற்சாலை மூடப்பட்டது. ஸ்போர்ட்ஸ் கார் உருவத்தை மேலே தூக்கி நிறுத்தி, ஓட்டும் சுகத்தை வெளியே எடுத்துவிட்டு விற்கும் வழக்கத்துக்கு வண்டலூர் பக்கம்தான் பூர்வீகம்.

ஆனால் அதே தொழிற்சாலை 1961லிருந்து ஹெரால்டு செய்தது. அதைச் சொல்லாமல் போனால் பாவம். 948 சிசி, நாற்பது குதிரைத்திறனைக்கூட எட்டாத இன்ஜின். ஆனால் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்த உடல், நாலு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங். 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும். முன்பக்கம் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்னால் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்தே வேலை பார்ப்பார். இங்கிலாந்தில் ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கித்தான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை 1962இல் செய்தார்கள். நாம் என்ன செய்தோம்? இரண்டு கதவு போதாது என்று நான்கு கதவு ஹெரால்டு செய்தோம். அவர்கள் வெட்டினார்கள், நாம் ஒட்டினோம்.

என் பெரியப்பாவிடம் ஒரு ரெண்டு கதவு ஹெரால்டு இருந்தது. பதினெட்டு வயதில் மணிமங்கலம் ஏரிக்கரையை ஒட்டிய ரோட்டில் அதை ஓட்டக் கற்றேன். வேகமுள் நாற்பதைத் தாண்டியதாக நினைவில்லை. வளைவில் திருப்பும்போது ரோட்டில் எங்கே ஜல்லி பெயர்ந்திருக்கிறது, எங்கே மணல் படிந்திருக்கிறது என்று ஸ்டியரிங் உள்ளங்கையில் சொல்லும். பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “கண்ணால ஓட்டாத, கையால கேளு” என்பார். அந்த வண்டியில் குறையும் உண்டு. வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்ஸிலேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கும். அதன் ஸ்விங் ஆக்ஸில் அமைப்பு அப்படி. அதையும் அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். பயமும் சேர்ந்துதான் அந்தச் சுகம்.

போன மாதம் ஒரு கூபே எஸ்யூவியை டெஸ்ட் டிரைவ் எடுத்தேன். பெயர் வேண்டாம். ஸ்டியரிங்கை ஒற்றை விரலால் திருப்பலாம். தொலைபேசியில் காத்திருக்கச் சொல்லிப் பாட்டு போடுவார்களே, அந்த மாதிரி: எதிர்முனையில் யாருமே இல்லை. விற்பனைப் பையன் சன்ரூஃபைத் திறந்து மூடிக் காட்டினான்.

ஓட்டும் சுகம் என்றால் வேகம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 2012இல் டொயோட்டா தன் 86 கூபேயை விற்க வந்தபோது, அதற்கு ப்ரியஸ் ஹைப்ரிட் காருக்குப் போட்ட அதே ரக டயரைப் போட்டது. காசு மிச்சம் பிடிக்க இல்லை. பிடிமானம் குறைவாக இருந்தால் சாதாரண வேகத்திலேயே வண்டியின் எல்லை கைக்குத் தெரியும் என்பதற்காக. அந்த 86 என்ற எண் 1983இல் வந்த ஏஇ86 கரோலாவிலிருந்து வந்தது. ‘இனிஷியல் டி’ பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: அப்பாவின் கடைக்காக விடியற்காலையில் டோஃபு கொண்டுபோகும் பையன், தம்ளர் தண்ணீர் சிந்தாமல் மலைப்பாதை இறங்குவானே, அந்த வண்டி. பெரிய பணக்கார வண்டி ஒன்றும் இல்லை. ஊரெல்லாம் ஓடிய கரோலா குடும்பத்தின் கூபே.

இங்கே ஏன் இல்லை? “டாக்ஸ் ப்ரோ” என்பார்கள். பாதி உண்மை. நிசான் 2010இல் 370இசட் கூபேயை இந்தியாவுக்கு இறக்குமதி செய்து விற்றது. அமெரிக்காவில் சுமார் 30,000 டாலருக்குக் கிடைத்த கார் இங்கே ஐம்பது லட்சத்தைத் தாண்டியது. அதே வருஷம்தான் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறந்தது என்பதை எங்கள் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டும். மாஸ்டாவின் எம்எக்ஸ்-5, நீளம் 3,915 மில்லிமீட்டர்தான். நம்ம நான்கு மீட்டர் விதியில் பாஸ். இன்ஜின் 1.5 லிட்டர் என்பதால் ஃபெயில். சரி. ஆனால் 1,200 சிசிக்குள், நான்கு மீட்டருக்குள் இங்கேயே செய்த பெட்ரோல் காருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். அந்தச் சட்டத்தில் இத்தனை கதவு இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. கோவாவில் செய்த சான் ஸ்டார்ம் என்ற ரெண்டு சீட்டு வண்டியின் ரெனோ இன்ஜின் 1,149 சிசி. இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி 2021இல் வந்த ஐ20 என் லைன், 998 சிசி டர்போ, 120 குதிரைத்திறன், கொஞ்சம் இறுக்கமான சஸ்பென்ஷன், ஆரம்ப விலை பத்து லட்சத்துக்குள். கூபேக்கு இங்கே கிடைக்கும் மிக நெருங்கிய சொந்தம் அதுதான். அதன் கூரையைத் தாழ்த்தி, பின்கதவு ரெண்டையும் எடுக்க எந்த வரியும் தடுக்கவில்லை.

தடுப்பது அச்சு செய்யும் செலவு. நான் ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை செய்கிறேன். கதவும் கூரையும் அடிக்கிற அச்சுகளுக்குப் பணம் கோடிக் கணக்கில் போகும் என்று தெரியும். மாதம் சில நூறு வண்டி விற்றால் அந்தப் பணம் திரும்பாது. ஆனால் இங்கிருந்து கார்கள் எண்ணூர் துறைமுகம் வழியாகக் கப்பல் ஏறுகின்றனவே, இதுவும் ஏறட்டும். அதற்கு முன்னால், இங்கே சில நூறு பேராவது வந்து கேட்க வேண்டும். கேட்க மாட்டோம். கறிக்கடையில் எலும்போடு நிறுத்து வாங்குகிற மாதிரி, இவ்வளவு லட்சத்துக்கு இவ்வளவு உயரம், இவ்வளவு அகலம் என்று எடை போட்டு வாங்குகிறோம். ஓட்டும்போது கிடைப்பது எந்தத் தராசிலும் ஏறாது என்பதால் அதற்கு விலை பூஜ்யம்.

“முடிச்சூர்ல தண்ணி வந்தா உன் கூபே என்னாகும்?” என்று மாமா மடக்கினார். 2015 டிசம்பரில் முடிச்சூரில் படகுதான் ஓடியது, மாமா. எந்த எஸ்யூவியும் ஓடவில்லை.

அவரை விடக் கடுமையாகப் பேசியவர் இலக்கிய நண்பர் ஒருவர். “காரே ஆடம்பரம், அதுல ஸ்போர்ட்ஸ் கார் வேறயா?” அவர் சைக்கிளில் போகிறவராக இருந்தால் மறுபேச்சு பேசியிருக்க மாட்டேன். ஏழு சீட்டு வண்டியில் தனியாக வந்து இறங்கிச் சொன்னார். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் வண்டி செய்கிறவனுக்குப் பயன்பாடு போதும், ருசி பணக்காரனுக்கு என்று பிரித்துவைத்தது யார்? கோடி ரூபாய் ஜெர்மன் கார்க்காரரிடம் யாரும் “எவ்ளோ குடுக்கும்?” என்று கேட்பதில்லை. 2025 ஜனவரியில் துபாய் பந்தயத்தில் அஜித்தின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது, மாமாவே வாட்ஸப் ஸ்டேட்டஸ் வைத்தார். அதே வாயால்தான் எனக்கு வெட்டிச் செலவு.

ஆதனூர் பக்கம் ஒரு ஷெட்டில் 1966 மாடல் ஹெரால்டு நிற்பதாகப் பெரியப்பாவுக்குத் தகவல் வந்தது. ரெண்டு கதவு. தரையில் துரு, ஸ்டியரிங் நன்றாக இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் பார்க்கப் போகிறோம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.