வாங்கியதா, வாடகைக்கு எடுத்ததா?



2024-ல் விண்டோஸ் 11-க்கு வந்த 24எச்2 மேம்படுத்தல், மைக்ரோசாஃப்ட்டின் 'மிக்ஸ்டு ரியாலிட்டி' வசதியையே நீக்கிவிட்டது. அந்த வசதியை நம்பி ஏசர், டெல், எச்பி விற்ற மெய்நிகர் விளையாட்டுக் கண்ணாடிகளில் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். ஆனால் மேம்படுத்தலை ஏற்றிய கணினியில் அவை இயங்கவில்லை. காசு கொடுத்த விளையாட்டு கணக்கில் இருக்கிறது, அந்தக் கண்ணாடியில் விளையாடத்தான் மைக்ரோசாஃப்ட் வழி வைக்கவில்லை. எங்கள் கிள்ளைப் பக்கம் இத்தகைய பொருட்கள் சிங்கப்பூர், வளைகுடா போனவர்களின் பெட்டியில் வருபவை. யாரிடம் போய்க் கேட்பது?

விற்றவரே சேவையை நிறுத்திவிடுவது நம் நாட்டுக்கும் புதிதல்ல. ஃப்ளிப்கார்ட் 2012-ல் திறந்த 'ஃப்ளைட்' பாட்டுக் கடையை மறு ஆண்டே மூடியது. அதன் எம்பி3-களுக்கு டிஜிட்டல் பூட்டு இல்லாததால், இறக்கி வைத்தவர்களிடம் பாட்டாவது மிஞ்சியது. 2023 ஜனவரியில் 'ஸ்டேடியா' இணைய விளையாட்டுச் சேவையை மூடிய கூகுள், விளையாட்டுகளுக்கான பணத்தைத் திருப்பித் தந்தது. ஆக, மனமிருந்தால் முடிகிறது.

டிஜிட்டல் பொருட்களைப் பயன்படுத்தும் உரிமம் மட்டும் தருகிறவர்கள் அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்று விற்கக் கூடாது என்கிறது கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம். நம் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் அப்படியொரு விதி வேண்டும். கூடவே, சேவையை நிறுத்தும் நிறுவனம் பூட்டைத் திறந்துவிடட்டும், இல்லையேல் பணத்தைத் தரட்டும்.

- வாசகர், கிள்ளை, கடலூர் மாவட்டம்