முன்னோட்டப் பதிப்பும் முதல் முறையீடுகளும்

ஆசிரியருக்கு,

கணினியின் உறுப்புகளையும் செயலிகளையும் ஒருங்கே இயக்கும் அடிப்படை மென்பொருளான இயங்குதளம், விற்பனைக்கு வருமுன் பயனர்கள் சோதித்துப் பார்ப்பதற்காக வெளியிடப்படும் வடிவமே முன்னோட்டப் பதிப்பு எனப்படுகிறது. 2012 பிப்ரவரி 29 அன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் 8 முன்னோட்டத்தில், 1995 முதல் பழகிவந்த ஸ்டார்ட் பொத்தானும் அதன் பட்டியலும் நீக்கப்பட்டு, தொடுதிரைக்கு ஏற்ற கட்டங்கள் முன்னிறுத்தப்பட்டதால், மவுஸும் விசைப்பலகையும் கொண்டு வேலை செய்வோர் பலர் தொடக்கத்திலேயே முறையிட்டனர். அது வெறும் பழக்கதோஷம் அன்று என்பதை, 2013இல் 8.1 பதிப்பில் பொத்தானும் 2015இல் விண்டோஸ் 10இல் பட்டியலும் மீண்டு வந்ததே காட்டுகிறது.

சேலைக் கரையின் வடிவத்தைக் கணினியில் கட்டம் கட்டமாக வரைந்து, எந்தப் பாவு இழைகள் உயர வேண்டும் என்பதைத் துளைகளால் குறிக்கும் ஜக்கார்டு அட்டைகளாக மாற்றும் பட்டுத்தொழிலை நம்பியிருக்கும் ஆரணி போன்ற ஊர்களுக்கு இயங்குதளம் மாறுவது தொலைதூரச் செய்தியன்று. 2021 ஜூனில் விண்டோஸ் 11 முன்னோட்டம் வந்தபோது, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கணினிகள் ஒதுக்கப்படுவதாக எழுந்த புகாருக்கோ (நியாயமான புகார்தான்) விண்டோஸ் 8 குறித்த முறையீட்டுக்குக் கிடைத்தது போன்ற செவிசாய்ப்பு கிடைக்கவில்லை. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் முடிந்துவிட்டது. இத்தகைய முன்னோட்டங்கள் வெளியாகும்போதே அவற்றின் நிறைகுறைகளைத் தமிழில் விளக்கும் பகுதியொன்றைத் தங்கள் இதழ் தொடங்க வேண்டும்.

– ஒரு வாசகர், ஆரணி