கைத்தறி: மரபா, பரிசோதனையா?

ஈழத்துக் கைத்தறி நெசவைப்பற்றி எழுதுவோரும் மேடையிற் பேசுவோரும் பெரும்பாலும் இரு அணியினராகவே காணப்படுகின்றனர். ஓர் அணியினர், கைத்தறி முன்னோர் தந்த செல்வம், அதனை மாசுபடாமற் காத்தல் வேண்டும் என்பர். மற்றோர் அணியினர், விசைத்தறியும் ஆடைத் தொழிற்சாலையும் வந்துவிட்ட காலத்திற் கைத்தறி ஒரு பழம்பொருள், அதனை நூதனசாலையில் வைத்துவிட்டு வேறு தொழில் பார்ப்பதே அறிவுடைமை என்பர். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் எதிர்ப்பவர் போலத் தோன்றினும் அடிப்படையான ஓர் எண்ணத்தில் ஒன்றுபடுகின்றனர். நேற்று நெய்த துணியையே இன்றும் நாளையும் நெய்பவர் நெசவாளர் என்பதே அவ்வெண்ணம். முதலாமவர் அதனைப் போற்றுகின்றனர், இரண்டாமவர் எள்ளுகின்றனர். அவ்வெண்ணமே பிழையாயிருத்தல் கூடும் என்பதை இருசாராரும் சிந்திப்பதில்லை. கைத்தறியின் நலிவுக்கு விசைத்தறி எவ்வளவு காரணமோ அவ்வளவுக்கு இவ்வெண்ணமும் காரணமாகும்.

தறியில் நிகழ்வது யாது என்பதை முதலில் நோக்குதல் தகும். நீளவாட்டில் இழுத்துக் கட்டப்பட்ட பாவினூடே குறுக்காக ஊடை செல்கின்றது. அச்சு அதனை அடித்து நெருக்குகின்றது. நெசவின் அடிப்படை இவ்வளவே. ஆயின், இந்த எளிய அடிப்படையிலிருந்து பிறக்கக்கூடிய வேறுபாடுகள் எண்ணில. மெல்லிய பாவிற் பருத்த ஊடையைச் செலுத்தினால் துணியின் மேனியில் வரம்புகள் எழும். அச்சின் சில பற்களை வெறுமையாக விட்டு இழைகோத்தால் துணியிற் சாளரங்கள் தோன்றும். இழைகளைச் சில இடங்களிற் பின்னாமல் நீளமாக மிதக்கவிட்டு, வேறிடங்களில் இறுக்கிப் பிடித்தால் தேன்கூடு போன்ற குழிகள் விழும். முறுக்கு மிகுந்த நூலையும் முறுக்குக் குறைந்த நூலையும் அடுத்தடுத்து நெய்து நீரில் நனைத்தால், முன்னையது சுருங்கிப் பின்னையதை இழுத்துத் துணி முழுவதையும் நெளிநெளியாக்கும். இங்கு அழகைத் தருவது மேலே அச்சிட்ட கோலமன்று. துணியின் கட்டமைப்பே அழகாகின்றது. கண்ணுக்கு மட்டுமன்றிக் கைக்கும் பொருள்படும் துணி இது.

விசைத்தறி இவற்றைச் செய்யாதா என வினவலாம். சிலவற்றைச் செய்யும். எனினும், விசைத்தறியின் இலாபம் அதன் வேகத்திலும் ஒரே துணியை ஆயிரக்கணக்கான யார் நெய்வதிலுமே தங்கியுள்ளது. அவ்வேகத்தைத் தாங்குவதற்குச் சீரான, வலிய, முடிச்சற்ற நூல் வேண்டும். கையால் நூற்ற மேடுபள்ளமான இழை, விறைத்த நார், இழுத்தால் அறும் ஒற்றை நூல் ஆகியவற்றை அது விரும்புவதில்லை. கைத்தறியில் அமர்ந்திருப்பவரோ ஒவ்வோர் ஊடைக்கும் தம் கையின் விசையைக் கூட்டவும் குறைக்கவும் வல்லவர். நார் தடித்தால் மெல்ல அடிப்பார், மெலிந்தால் இரட்டித்து இடுவார். இயந்திரம் குறையெனத் தள்ளும் நூல் கைத்தறிக்கு மூலதனமாகின்றது. இந்த இடத்தில் விசைத்தறியோடு போட்டி இல்லை. போட்டியில்லாத இந்த இடத்தை விட்டு, தோல்வி உறுதியான இடத்துக்கே நெசவாளர் மீண்டும் மீண்டும் அனுப்பப்பட்டனர்.

இதற்கு வரலாறே சான்று. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய காலத்திற் கைத்தறி செழித்தது. மருதமுனை போன்ற கிழக்கிலங்கை ஊர்களிற் சாரமும் சேலையும் நெய்த தறிகள் ஓயாது ஒலித்தன. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் வெளிநாட்டுத் துணி குவிந்தது. தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. இதிலிருந்து பொதுவாகப் பெறப்படும் பாடம், பாதுகாப்பு நீங்கியமையாற் கைத்தறி வீழ்ந்தது என்பதாகும். இது பாதி உண்மையே. பாதுகாப்பு இருந்த அவ்வாண்டுகளில் நெசவாளரிடம் கேட்கப்பட்டது யாது என்பதே மறு பாதி. ஆலைத்துணி இல்லாத குறையை நிரப்பும் துணியே அவரிடம் கேட்கப்பட்டது. ஆலைத்துணி வந்ததும் அதன் பதிலிக்கு இடமில்லாது போனமை வியப்பன்று. கைத்தறிக்கே உரிய துணியை உருவாக்குவதற்கு அவ்வாண்டுகள் பயன்பட்டிருப்பின், சந்தை திறந்தபோது நெசவாளரின் கையில் விற்பதற்கு வேறொன்று இருந்திருக்கும்.

இனி, மரபு காப்போரின் கூற்றை ஆராயலாம். புதிய நூலும் புதிய பின்னலும் மரபைச் சிதைக்கும் என அவர் அஞ்சுகின்றனர். அவர் காட்டும் மரபு எவ்வாறு தோன்றியது என்பதை நோக்கினால் அச்சம் ஆதாரமற்றது என்பது புலனாகும். கண்டிக்கு அண்மையில் தும்பறைப் பகுதியில் நெய்யப்படும் பாய்கள் 2021 இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. அவை பருத்தியால் ஆனவையல்ல. கற்றாழை இனச் செடியின் இலையைச் சுரண்டி எடுக்கும் நாரால் ஆனவை. வேலியோரத்து முள்ளிலையைத் துணிக்குரிய பொருளாக முதலிற் கண்டவர் எவரோ, அவர் தம் காலத்தில் வழக்கில் இல்லாத நூலை எடுத்துத் தறியிலிட்ட பரிசோதகர். அவரது துணிவின் பயனை இன்று மரபென வணங்குவோர், அதே துணிவை இன்றைய நெசவாளருக்கு மறுக்கின்றனர்.

கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் பெயரை இக்கூற்றுக்கு அரணாகக் கொள்வாரும் உளர். அவரது ‘மத்தியகால சிங்களக் கலை’ 1908 இல் வெளிவந்தது. கைவினைஞரின் பெருமையை உலகறியச் செய்த நூல்களுள் அதுவும் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆயின், அந்நூலுக்கான ஒளிப்படங்களிற் பெரும்பாலானவற்றை எடுத்தவர் அவருடைய மனைவி எதெல் என்பது தமிழ்க் கட்டுரைகளில் அரிதாகவே கூறப்படுகின்றது. 1903 இல் இலங்கைக்கு வந்து, ஊரூராகச் சென்று கைவினைஞரின் வேலையைக் கண்ணுற்ற அப்பெண்மணி, பின்னர் கணவரைப் பிரிந்து, எதெல் மைரெட் என்ற பெயரில் இங்கிலாந்தின் டிச்லிங் கிராமத்தில் நெசவுக்கூடம் நிறுவினார். தாவரச் சாயங்கள் பற்றி 1916 இலும் கைத்தறி நெசவு பற்றி 1939 இலும் நூல்கள் எழுதினார். இலங்கையின் பழங்கைவினையை அத்துணை நெருங்கிக் கண்டவர், பழைய கோலங்களைப் படியெடுப்பதே கைத்தறி என்ற முடிவுக்கு வரவில்லை. கையால் நூற்ற நூலையும் ஆலை நூலையும் ஒரே தறியில் இணைத்தார்; கோலத்தைக் குறைத்து நூலின் தன்மையே துணியின் மேனியாக வெளிப்படச் செய்தார். கைத்தறி ஆலைக்குப் பகையன்று, ஆலைக்கு முன்னே நடந்து பரிசோதிக்கும் இடம் என்பதே அவர் கொள்கை. 1930 களின் பிற்பகுதியில் ‘தொழிற்றுறைக்கான அரச வடிவமைப்பாளர்’ என்னும் சிறப்பைப் பெற்ற முதற் பெண்மணியும் அவரே. அவரது கூடத்திற் பணியாற்றிய மரியான் ஸ்ட்ரோப், 1934 முதல் 1937 வரை வேல்ஸ் நாட்டின் நலிந்த கம்பளி ஆலைகளுக்கு வடிவமைப்பு ஆலோசகராயிருந்தார். கைத்தறியிற் செய்த பரிசோதனை கிராமத்து ஆலைக்கு வாழ்வளிக்கப் பயன்பட்டமை மனங்கொள்ளத்தக்கது.

பரிசோதனை என்பது பொழுதுபோக்குக் கலைஞரின் விளையாட்டு என்ற குற்றச்சாட்டும் உண்டு. வினோதமான நூலைக் கண்டபடி நுழைத்துக் கண்ணைக் கவர முயலும் துணிகள் உள்ளன என்பது மெய்யே. அவற்றைப் பரிசோதனை எனல் பொருந்தாது; பரிசோதனைக்கு வினா ஒன்று வேண்டும். ஜேர்மனியின் பௌஹவுஸ் கலைக்கூடத்திற் பயின்ற அனி அல்பேர்ஸ், பேர்லினுக்கு அண்மையில் பெர்னோ என்னுமிடத்தில் அமைந்த தொழிற்சங்கப் பாடசாலையின் மண்டபத்துக்கு 1930 அளவில் ஒரு சுவர்த்துணி நெய்தார். மண்டபத்தில் எதிரொலி அடங்கவேண்டும், ஒளியும் பெருகவேண்டும் என்பதே வினா. பருத்தியின் தும்புநூலோடு, பொருட்களைச் சுற்றும் செலோபேன் தாளை இழையாக்கி நெய்தார். ஒரு புறம் ஒலியை உண்டது. மறுபுறம் ஒளியைத் திருப்பியது. தொழிலாளர் கூடும் மண்டபத்தின் தேவையிலிருந்தே அந்தப் புதிய நூல் பிறந்தது.

எனவே, எதிர்ப்போர் கூறும் நியாயங்களுள் எஞ்சி நிற்பது ஒன்றே, அதுவே வலியது. பரிசோதனை செய்யும் வசதி யாருக்கு உண்டு என்பது அவ்வினா. கொழும்பில் 1960 களிலிருந்து பார்பரா சன்சோனி போன்றோர் கைத்தறிக்குப் புதிய நிறங்களையும் புதிய மதிப்பையும் தேடித்தந்தனர். ஆனால், கிழக்கிலும் வடக்கிலும் நெய்த துணியின் அளவுக்கே கூலி பெறும் நெசவாளர், ஒரு நாளைப் பரிசோதனைக்குச் செலவிட்டால் அன்றைய அடுப்பு எரியாது. புதிய பாவொன்றை ஓடி, விழுதிற் கோத்து, நான்கு முழம் நெய்து, பிழையெனக் கண்டு வெட்டி எறிவதற்கு அவரிடம் நூலுமில்லை, நேரமுமில்லை. சிந்திப்போர் ஓரிடத்திலும் நெய்வோர் வேறிடத்திலுமாகத் தொழில் பிளவுண்டு கிடக்கின்றது. வரைபடம் நகரத்திலிருந்து வருகின்றது. கை கிராமத்தில் அசைகின்றது. வடிவமைத்தவரின் பெயர் துணியில் நிற்கின்றது. நெய்தவரின் பெயர் கூலிப்புத்தகத்தில் மட்டும் நிற்கின்றது. நெசவாளருக்குப் புதுமை வராது என்போர், புதுமைக்குரிய நேரத்தை அவரிடமிருந்து பறித்தவர் யார் எனக் கூறுவாராக.

பரிசோதனை செல்வர்க்குரிய ஆடம்பரம் அன்று என்பதற்கு நூலின் விலையே போதிய சான்று. பருத்தி நூலும் சாயமும் பிறநாட்டிலிருந்து வருவன. 2022 இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது அதன் சுமை நேரே தறியின்மேல் விழுந்தது. வடக்கின் பனைநாரும் பனந்தும்பும், எங்கும் கிடைக்கும் வாழைநாரும், மேற்கரையின் தென்னந்தும்பும் அத்தகைய சுமைக்கு உட்பட்டனவல்ல. பனைநார் விறைப்பானது, நீளங் குறைந்தது, பாவுக்கு உதவாது என்பர். பாவுக்கு உதவாதது ஊடைக்கு உதவும். பருத்திப் பாவை ஐதாகக் கோத்து, நனைத்துப் பதப்படுத்திய நாரைத் துணியின் அகலத்துக்கு வெட்டி, நாடாவின்றிக் கையாலேயே ஒவ்வொன்றாக இடலாம். உடுக்கும் துணியாகாதெனின் திரையும் தடுக்கும் விரிப்பும் ஆகும். வாழைநாரோ உடுக்கும் துணியே ஆகும் என்பதை யப்பானின் ஒக்கினாவாத் தீவு காட்டியுள்ளது. 1945 இன் போர் அத்தீவைப் பாழாக்கியது. அழியும் நிலையிலிருந்த வாழைநார்த் துணி நெசவைக் கிஜோகா என்ற கிராமத்தில் தைரா தொஷிகோ என்ற பெண்மணி ஊர்ப் பெண்களோடு மீண்டும் தொடங்கினார். நாரைக் கையாற் கிழித்து, நுனியோடு நுனி முடிந்து நூலாக்கும் அந்நெசவை 1974 இல் யப்பானிய அரசு தேசியப் பண்பாட்டுச் சொத்தாக ஏற்றது. போருக்குப் பிந்திய வடகிழக்கிற் பெண்கள் தலைமைதாங்கும் குடும்பங்களைப்பற்றி இரங்கிப் பேசுவோர், தையல் இயந்திரத்தைத் தவிர வேறொன்றை அப்பெண்களின் கையிற் கொடுக்க எண்ணாதது ஏன்?

பல்கலைக்கழகங்களும் இவ்விடயத்திற் குற்றமற்றவையல்ல. மருதமுனை அமைந்த அதே கரையோரத்திற் பல்கலைக்கழகம் உண்டு. மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் உண்டு. நாரை மென்மையாக்கும் வழியை இரசாயனம் அறியும். எச்செடியின் நார் வலியது என்பதைத் தாவரவியல் அறியும். சந்தையைப் பொருளியல் அறியும். மானிடவியலும் வரலாறுமோ நெசவாளரை ஆய்வுப்பொருளாக மட்டுமே அறியும். அவரை ஆய்வாளராக ஏற்கும் துறை எதுவுமில்லை. பேட்டி கண்டு, பட்டம் பெற்று, ஆய்வேட்டை நூலகத்தில் அடுக்கியபின் தறி முன்பிருந்த இடத்திலேயே இருக்கின்றது.

செய்யத்தக்கது சிக்கலானதன்று. மாதத்திற் சில நாட்களேனும் நெசவாளர் தம் விருப்பப்படி நெய்து பார்ப்பதற்கு நாட்கூலி வழங்கப்படல் வேண்டும்; அக்கூலி விற்பனையாகாத துணிக்கும் உரியதாதல் வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் ஒரேவகை நூலை மூட்டையாக வழங்குவதோடு நில்லாது, பலவகை நூலையும் நாரையும் சிறு அளவில் வைத்திருத்தல் வேண்டும். நெய்து பார்த்த ஒவ்வொரு மாதிரியும், வென்றதாயினும் தோற்றதாயினும், நூலின் விபரத்தோடும் நெய்தவரின் பெயரோடும் பேணப்படல் வேண்டும். அம்மாதிரியிலிருந்து ஒரு துணி சந்தைக்குச் செல்லுமாயின் அதன் இலாபத்தில் அவருக்குப் பங்கு வேண்டும். இவற்றுள் எதுவும் தருமமன்று. தொழிலாளி தன் அறிவுக்குப் பெறவேண்டிய விலையே.

மரபா, பரிசோதனையா என்ற வினா தறியில் அமராதவரின் வினா. தறியில் அமர்ந்தவருக்கு இரண்டும் ஒரே துணியின் பாவும் ஊடையுமாகும். பாவை மட்டும் இழுத்துக் கட்டி வைத்துவிட்டு, ஊடை செலுத்தும் கையைப் பிடித்துக்கொண்டு, துணி வரவில்லையே எனப் புலம்புவதிற் பயனில்லை. முதலிற் கையை விடவேண்டும்.