கறிவேப்பிலையின் பெயரும் நம் உதவித்தொகையும்

நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலைக்குத் தாவரவியல் வைத்திருக்கும் பெயர் முராயா கோனிகி. இப்போது பெர்கெரா கோனிகி என்கிறார்கள். முன்பாதி மாறினாலும் பின்பாதி மாறவில்லை. அந்தப் பின்பாதிக்குச் சொந்தக்காரர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்ற பால்டிக் ஜெர்மானியர். 1728-இல் பிறந்தவர், லின்னேயஸின் மாணவர். தாவரவியல் படிக்கும் தம்பி தங்கைகள் தேர்வுக்காக இந்தப் பெயரை மனப்பாடம் செய்திருப்பீர்கள். அவர் இங்கே யார் காசில் செடி தேடினார் என்பதை வகுப்பில் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். வெளிநாட்டுப் படிப்புக்கு உதவித்தொகை கேட்டு, சான்றிதழ்களைக் கையில் வைத்துக்கொண்டு வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்துக்கு அலைகிற பிள்ளைகளுக்கு அந்தக் கதை உதவும் என்பதால் எழுதுகிறேன்.

கோனிக் 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். டேனிஷ் மிஷனில் மருத்துவர் வேலை. ஆனால் மனசெல்லாம் செடி மேல். காடு மேடெல்லாம் சுற்ற வேண்டும், ஆள் வைத்துச் சுமக்க வேண்டும், காகிதம் வாங்க வேண்டும். மிஷன் கொடுத்த சம்பளம் இதற்கெல்லாம் எட்டவில்லை. 1774-இல் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவிடம் இயற்கையியலாளராக வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காசில்தான் வேலூர், ஆம்பூர் பக்கத்து மலைகளில் அலைந்தார். ஜவ்வாது மலையைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது ஒன்றும் தூரத்து ஊர் இல்லை. 1778-இல் நவாபை விட்டு ஆங்கிலேயக் கம்பெனிக்கு மாறினார். கம்பெனி அவரை சயாம், மலாக்கா வரை அனுப்பியது. 1785-இல் காக்கிநாடா அருகே ஜெகந்நாதபுரத்தில் இறந்தார்.

மூன்று எஜமானர்கள், பதினேழு வருடம். செடி மேல் உயிரையே வைத்திருந்த மனிதர் அவர். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. தேடலுக்காக அடுத்தவர் கையை எதிர்பார்த்து நிற்கும் வேதனை நமக்கு நன்றாகவே தெரியும்.

நவாபின் காசு எங்கிருந்து வந்தது? முகமது அலி வாலாஜா அன்றைக்குத் தென்னிந்தியாவின் பெருங்கடனாளி. கம்பெனி அதிகாரிகளிடமே, பால் பென்ஃபீல்டு போன்றவர்களிடம், கணக்கில்லாமல் கடன் வாங்கியிருந்தார். ஈடாகக் கொடுத்தது நிலவரியை. இந்தச் சீமையின் வரி இன்னாருக்கு, அந்தச் சீமையின் வரி இன்னாருக்கு என்று எழுதிக்கொடுத்தார். இந்த ஊழல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை நாறியது. ஆற்காடு நவாபின் கடன்களைப் பற்றி எட்மண்ட் பர்க் பேசிய புகழ்பெற்ற உரை 1785 பிப்ரவரியில். கோனிக் செத்தது அதே வருடம் ஜூனில்.

வரி என்றால் நெல். ஆற்காட்டுச் சீமையின் நஞ்சையில் சேற்றில் இறங்கி நட்டு, களை பறித்து, அறுத்து, களத்தில் அடித்தவர்களில் பெரும்பகுதி படியாளாகவும் பண்ணையாளாகவும் கட்டுண்டு கிடந்த நம் பாட்டன் பூட்டிகள். மிராசுதாரர் பங்கு போக, நவாபின் பங்கு போக, கடன்காரர் பங்கு போக, களத்து மேட்டில் மிஞ்சியதைக் கூலி என்று அளந்தார்கள். அந்த நெல் நவாபின் கருவூலத்தில் பணமானது. அதில் ஒரு துளிதான் கோனிக்கின் சம்பளம். வரலாற்றுப் புத்தகங்கள் நவாபைப் புரவலர் என்று எழுதும். எனக்கு அந்தச் சொல் தொண்டையில் இறங்க மறுக்கிறது.

காசு மட்டுமா, அறிவும் அங்கிருந்துதான் போனது. 1779-இல் கரையான் பற்றி கோனிக் எழுதிய கட்டுரை பெர்லினில் அச்சானது. தஞ்சைப் பகுதிக் கரையான்களைப் பார்த்து எழுதியது. கரையான் பற்றிய ஆரம்பகால அறிவியல் எழுத்துகளில் முக்கியமானது என்று இன்றும் எடுத்துச் சொல்கிறார்கள். ஈசல் பிடிக்கும் முறை அதில் விவரமாக வருகிறது. புற்றில் எதிரெதிராக இரண்டு துளை போடுகிறார்கள். ஒரு துளையில் வாசனைத் தழை தேய்த்த பானையைப் பொருத்துகிறார்கள். காற்று வருகிற பக்கத்துத் துளையில் நாற்றப் புகை போடுகிறார்கள். புகை தாங்காமல் ஈசல் மொத்தமும் பானைக்குள் போய் விழுகிறது. பிறகு வறுத்து, மாவோடு சேர்த்துப் பலகாரம் செய்து ஏழைகளுக்கு மலிவாக விற்கிறார்கள். அளவு மீறித் தின்றால் வயிற்றுக்கு என்ன ஆகும் என்றுகூட எழுதியிருக்கிறார்.

மழை விட்ட சாயங்காலத்தில் ஈசல் பிடித்து, பொரி அரிசியோடு வறுத்துத் தின்ற யாருக்கும் இது புதுச் செய்தி இல்லை. நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னால் 'அய்யே, பூச்சி தின்றவன்' என்று கேலிதான் கிடைக்கும். இருளர் வீட்டுப் பிள்ளை சொன்னால் கேட்கவே வேண்டாம். ஐரோப்பாக்காரர் எழுதினால் ஆய்வுக் கட்டுரை. அந்தப் புற்றில் துளை எங்கே போட வேண்டும், எந்தத் தழையைத் தேய்க்க வேண்டும், காற்று எந்தப் பக்கம் என்று கோனிக்குக்குக் காட்டிக்கொடுத்தவர் யார்? கறிவேப்பிலையில் அவர் பெயர் இல்லை. எந்த இலையிலும் இல்லை.

அந்தக் காலம் அப்படித்தான் என்று சமாதானம் சொல்வார்கள். இல்லை. கோனிக்குக்கு நூறு வருடம் முன்பே, கொச்சியில் டச்சு ஆளுநர் வான் ரீடு தொகுத்த ஹோர்ட்டுஸ் மலபாரிகுஸ் நூலின் முதல் தொகுதி 1678-இல் வந்தது. செடிகளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதனின் பெயரும் அவர் கைப்பட எழுதிய சான்றும் அதில் அச்சாகியிருக்கிறது. பெயர் போட வேண்டும் என்று நினைத்தவர்களால் போட முடிந்தது.

கோனிக்கின் காகிதங்கள் எங்கே போயின? தன் கையெழுத்துப் படிகளை ஜோசப் பேங்ஸுக்கு உயில் எழுதிவைத்துவிட்டார். பேங்ஸ் பெரும் பண்ணைச் சொத்துக்கு வாரிசு. கேப்டன் குக்கின் கப்பலில் சொந்தச் செலவில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனவர், பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் ராயல் சொசைட்டியின் தலைவர். உலகெங்கும் இருந்த இயற்கையியலாளர்களின் குறிப்புகளும் காய்ந்த செடிகளும் கடைசியில் அவர் வீட்டு வாசலில்தான் வந்து குவிந்தன. கோனிக்கின் சயாம் பயணக் குறிப்பு அச்சேறியது 1894-இல்தான். அவர் செத்து நூறு வருடத்துக்கும் மேல் ஆகியிருந்தது. காசு யாரிடமோ, அறிவும் அவர்களிடமே போய்ச் சேர்ந்தது. இடையில் நின்ற கோனிக்குக்கு ஒரு பெயராவது மிஞ்சியது. கீழே நின்றவர்களுக்கு அதுவும் இல்லை.

இப்போது அந்தப் பாதை கொஞ்சம் திரும்பியிருக்கிறது. 2017-இல் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்குப் போனார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க முடியாமல் அந்த மாநிலம் திணறிக்கொண்டிருந்தது. மாநில வனவிலங்கு ஆணையம் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் வழியாக இவர்களையும் இரண்டு மொழிபெயர்ப்பாளர்களையும் வரவழைத்தது. முதல் எட்டு நாளில் 13 பாம்பு பிடித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. வெளிநாட்டில் போய் வேலை செய்த இயற்கையியலாளர்கள் என்றால் இவர்களும்தான். ஆனால் செய்தித்தாள்கள் 'பாம்பு பிடிப்பவர்கள்' என்றுதான் எழுதின. புல் மடிந்திருப்பதையும், மண்ணில் தேய்ந்த தடத்தையும், எச்சத்தையும் படித்து உயிரினம் இருக்கும் இடத்தைச் சொல்லும் படிப்புக்கு வேறு என்ன பெயர்?

சரி, நம் கதைக்கு வருவோம்.

1913-இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் புரட்சியாளர் அம்பேத்கருக்கு மாதம் 11.50 பவுண்டு, மூன்று வருடத்துக்கு உதவித்தொகை கொடுத்தார். கொலம்பியா பல்கலைக்கழகம். திரும்பி வந்து பத்து வருடம் பரோடாவில் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம். மன்னர் நல்லவர், முற்போக்கானவர், மறுக்கவில்லை. ஆனால் 1917-இல் உதவித்தொகைக் காலம் முடிந்ததும் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. பரோடாவில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். தங்க இடம் கிடைக்காமல் பார்சி சத்திரத்தில் ஒளிந்து தங்கினார், தடியோடு வந்தவர்கள் விரட்டினார்கள். படிக்கவைத்த அரசரின் சொந்த ஊரில் தலைசாய்க்க இடமில்லை. 1920-இல் மறுபடி லண்டன் போனபோது பேராசிரியராக இருந்து சேர்த்த காசு, நண்பர் நவல் பத்தேனாவிடம் வாங்கிய கடன், கோல்ஹாபூர் சாகு மகராஜ் தந்த உதவி எல்லாம் சேர்த்துக்கொண்டு போனார். ஒரே கையை நம்பிப் போகவில்லை.

கொலம்பியாவில் படித்த காலத்தில், 1916 மே மாதம், ஒரு கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின என்று ஒரு கட்டுரை வாசித்தார். இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டத்தில் வருடத்துக்கு 125 இடம், பெரும்பகுதி பட்டியல் சாதி மாணவர்களுக்கு. 2022-இல் அதன் விதிகளை மாற்றினார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இந்தப் பணம் கிடையாது என்றார்கள். அதாவது அந்த விதிப்படி, சாதியைப் படிக்க அம்பேத்கர் விண்ணப்பித்தால் நிராகரிப்புதான். மன்னராட்சி உதவித்தொகையில் எழுத முடிந்ததை மக்களாட்சி உதவித்தொகையில் எழுத முடியாது. இந்தியாவைப் பற்றி இந்தியாவிலேயே படிக்கலாமே என்பதுதான் இதற்குச் சொன்ன நியாயம். நம்மைப் பற்றி ஆக்ஸ்ஃபோர்டில் உட்கார்ந்து யார் யாரோ எழுதலாம், நாம் மட்டும் எழுதக்கூடாதா? புற்றைக் காட்டிக்கொடுக்க நாம், கட்டுரை எழுத அவர்களா?

2025-இல் இன்னொரு கூத்து. 106 பேர் தேர்வானார்கள். முதலில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு நிதி இருந்தால் தருவோம் என்றார்கள். சேர்க்கைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் பிள்ளைக்கு 'நிதி இருந்தால்' என்ற சொல் என்ன செய்யும்? நவாப் சம்பளத்துக்காகக் காத்திருந்த காலம் போலத்தான் இருக்கிறது.

தோழர்களே, அந்தப் பணம் யாருடைய கொடையும் இல்லை. தீப்பெட்டியிலும் செருப்பிலும் நம் வீட்டார் வரி கட்டுகிறார்கள். நவாபின் கருவூலத்துக்குப் போன நெல்லைப் போலத்தான் அதுவும். விண்ணப்பத்தில் 'கருணைகூர்ந்து', 'பணிவுடன் இறைஞ்சி' என்றெல்லாம் எழுதுகிற பழக்கத்தை முதலில் விடுங்கள். தகுதி இருக்கிறது, இடம் கிடைத்திருக்கிறது, விதிப்படி தர வேண்டும் என்று எழுதினால் போதும்.

ஆய்வுத் தலைப்பு காரணமாக யாரையாவது தட்டிக்கழித்தால் எழுத்துமூலமாகக் காரணம் கேளுங்கள். ஒன்றியத் திட்டம் கைவிட்டால் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. வருடத்துக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது, ஒன்றியத் திட்டம் சேர்த்துக்கொள்ளாத மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடப் பிள்ளைகளும் இதற்கு விண்ணப்பிக்கலாம். சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டும் சேர்க்கைக் கடிதம் வருவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் இழுத்தடித்தால் திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் வேங்கிக்காலுக்கே வந்து மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வரிசையை விட்டு நகராதீர்கள்.