ஆனையிறவு: ஒரு பெயரின் பொருள்

சென்ற மாதம் மாணவர் சிலருடன் கண்டி வீதி வழியே தெற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். ஆனையிறவுக் கடனீரேரி கண்ணிற்பட்டதும் ஒரு மாணவி, "ஐயா, ஆனைகள் இறந்த இடமென்பதாலா இந்தப் பெயர்?" என்றாள். "ஆனைகளல்ல, ஆட்கள்" என்றான் பக்கத்திலிருந்தவன். வண்டியில் எவரும் சிரிக்கவில்லை.

அவன் சொன்னதிலும் பிழை காண்பது எங்ஙனம்? 1991 யூலையில் இவ்வுப்புவெளியில் மூண்ட சமர் வாரக்கணக்கில் நீடித்தது. 2000 ஏப்ரல் 22-இல் படைமுகாம் புலிகள் வசமாயிற்று. 2009 சனவரியில் இராணுவம் அதனை மீட்டது. 1991-இல் மாண்ட படைவீரர் ஒருவருக்கு வீதியோரத்தில் நினைவுச்சின்னம் உண்டு. எதிர்ப்பக்கத்தில் மாண்ட இளைஞர்க்கு அங்கே கல்லில்லை. அது வேறு பேச்சு.

ஆயினும் பெயர் சாவைச் சொல்லவில்லை. இறத்தல் என்பதற்குப் பழந்தமிழிலே கடத்தல் என்பது பொருள். பாலைப் பாட்டுகளிலே தலைவன் சுரம் இறந்து போகிறான், சாகவில்லை. இலக்கணம் படிக்கும் பிள்ளைகள் நாள்தோறும் சொல்லும் 'இறந்தகாலம்' கடந்துபோன காலமன்றி வேறென்ன? துற என்பது துறவு ஆனாற்போல, இற என்பது இறவு. ஆனை கடக்கும் இடம் ஆனையிறவு. ஆங்கிலத்திலே 'எலிபன்ட் பாஸ்' என்று வழங்கியவர்கள் இதனைச் சரியாகவே விளங்கிக்கொண்டனர் என்பேன்.

கடந்த ஆனைகள் வன்னிக் காட்டில் பிடிக்கப்பட்டவை. ஆழமற்ற இந்நீரைக் கடத்தி யாழ்ப்பாணத்துக்கு ஓட்டிவந்து இந்திய வணிகருக்கு விற்றனர், ஊர்காவற்றுறையிற் கப்பலேற்றினர். அத்துறைக்கு வழங்கும் 'கயிற்ஸ்' என்ற பெயரே இறங்குதுறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபென்பர். ஆக, காவல் இங்கே வந்தது வழியைக் காக்க. வழி வந்தது ஆனை வணிகத்தால்.

இங்கிருந்த கோட்டையைப் போர்த்துக்கேயர் 1760-இற் கட்டினர் என்று சிலர் இன்றும் எழுதிவருகின்றனர். போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தரிடம் இழந்தது 1658-இல்! நூற்றிரண்டு ஆண்டு கழித்து எவ்வாறு திரும்பிவந்து கல் அடுக்கினரோ, எழுதியவர்களைத்தான் கேட்கவேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்தெழுதும் வழக்கம் நம்மிடையே வலுத்துவிட்டது.

முகாம் இன்றும் இருக்கிறது. அதனை அகற்றுவதோ வைத்திருப்பதோ என் போன்ற வாத்தியாரின் கையிலில்லை. வகுப்பறை என் கையிலிருக்கிறது. இறந்தகாலத்தைப் படிப்பிக்கும் நாளில் கரும்பலகையில் ஆனையிறவு என்ற பெயரையும் எழுதிக் காட்டுமாறு தமிழாசிரியர்களை வேண்டுகிறேன். ஐந்து நிமிடம் போதும்.