உதிர்ந்த கனியும் உண்ணத் தக்கதே



நமது நீலமலையில் தவக்காலம் நெருங்கும் நாட்களில் பிளம்ஸ் மரங்கள் இலையற்ற கொம்புகளில் வெண்மலர் சூடி நிற்கின்றன. பாஸ்காக் காலம் வந்து, அன்னை மரியாளின் வணக்க மாதமாகிய மே பிறந்ததும் காய்கள் சிவக்கத் தொடங்குகின்றன. திரு இருதயத்தின் மாதமாகிய ஜூனில் கிளைகள் தாழ்ந்து தரையைத் தொடுமளவுக்குக் கனிகள் நிறைந்துவிடுகின்றன. திருச்சபையின் வழிபாட்டு ஆண்டை மரங்களும் நம்மோடு சேர்ந்து அனுசரிக்கின்றனவோ என்று எண்ணத் தோன்றுகிறது. ஆயினும் அக்கனிகளில் எத்தனை நம் வாய்க்கு வந்து சேருகின்றன? வீட்டுக் கொல்லையில் கனிகள் அழுகிக் கிடக்க, பிள்ளைகளின் புதுநன்மை விருந்துக்கு நகரத்துக் கடையிலிருந்து கேக் வாங்கி வருகிறோம். இம்மாதம் இதனைப் பற்றியே சிறிது சிந்திப்போம்.

பிளம்ஸ் நம் மலைக்கு வந்தேறிய மரம். 1819-இல் கோத்தகிரிப் பக்கம் ஏறி வந்த கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சலிவன் ஐரோப்பியக் காய்கனிகளை இங்கே பயிரிட ஊக்கம் அளித்தார். 1920-இல் குன்னூரில் பழவியல் நிலையம் அமைந்தது. ரூபியோ, காவியோட்டா முதலிய பிளம்ஸ் வகைகள் நம் மலைக்கு ஏற்றவை எனக் கண்டறியப்பட்டன. சிம்ஸ் பூங்காவில் மே மாதந்தோறும் நடைபெறும் பழக் கண்காட்சியைக் காணாத குடும்பம் நம்மிடையே அரிது. இம்மரம் பூப்பதற்குக் குளிர்கால உறக்கம் வேண்டும். ஆகவேதான் சமவெளியில் நட்டால் அது வெறும் இலை மரமாகவே நின்றுவிடும்.

மலைக்கு மட்டுமே உரிய இக்கனி மலையிலேயே வீணாவது ஏன்? பிளம்ஸ் பழத்தின் தோல் மெல்லியது. பழுத்தபின் சில நாட்களே தாங்கும். கோடை மழை வலுத்துப் பெய்தால் தோல் வெடித்துவிடும். வெடித்ததையும் அடிபட்டதையும் வியாபாரி ஏறெடுத்தும் பாரார். அதே மாதங்களில் சமவெளியின் மாம்பழம் சந்தையை நிறைத்துவிடுகிறது. இவற்றுக்கு மேலாக, மரத்தடியில் கிடக்கும் பழத்தின் மணம் காட்டிலுள்ள கரடியை வீட்டு வாசலுக்கே அழைத்து வந்துவிடுகிறது.

நம் பங்கில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சிறு வீட்டில் கைம்பெண் ஒருவர் தனித்து வாழ்கிறார். மக்கள் இருவரும் பிழைப்புக்காகத் திருப்பூர் சென்றுவிட்டனர். சென்ற ஆண்டு வீடு மந்திரிக்கச் சென்றபோது அவர் கொல்லையைக் காட்டி, "சாமி, இந்த மரத்தை வெட்டிடலாமா? ஏறிப் பறிக்க ஆள் இல்லை. ராத்திரியில் கரடி வருது, கதவைத் திறக்கப் பயமா இருக்கு" என்றார். சற்றுப் பொறுத்து, "மூத்தவன் பிறந்தப்போ அவர் நட்ட மரம்" என்று தாழ்ந்த குரலில் சேர்த்துக் கொண்டார். நமக்கு நற்செய்தியில் வரும் தோட்டக்காரன் நினைவுக்கு வந்தான். கனி கொடாத அத்திமரத்துக்காகவே இன்னும் ஓராண்டு தவணை கேட்டவன் அவன். கனி கொடுக்கும் மரத்துக்காக நாம் கேட்க வேண்டாமா? "இந்த ஓராண்டு இருக்கட்டும், அம்மா" என்றோம். ஆனால் வாய்ச்சொல் கரடியைத் தடுக்காதன்றோ? இளைஞர் இயக்கத்தார் ஏணியும் கூடையுமாகச் சென்று மரத்தைப் பறித்து முடித்தனர். பறித்ததை என்ன செய்வது என்னும் கேள்வி அடுத்து எழுந்தது.

அதற்கு விடை தந்தவர் நம் பங்கின் முதியவர் ஒருவர். முற்காலத்தில் எஸ்டேட் பங்களாவில் சமையற்காரராக இருந்தவர். பிரான்சு நாட்டுக் கிராமத்தார் 'கலெட்' என்று அழைக்கும் பண்டத்தை அவர் நன்கு அறிவார். நாம் அதைப் பழ அடை எனலாம். மாவைத் தட்டையாகத் தேய்த்து, நடுவில் பழத்தை வைத்து, ஓரங்களைக் கையாலேயே மடித்துச் சுடுவது அது. அதற்குத் தகர அச்சு வேண்டாம். வட்டம் கோணலானாலும் குற்றமில்லை. பழமும் அழகாய் இருக்க வேண்டியதில்லை. வெடித்ததும் அடிபட்டதும் இதற்குப் போதும். அழுகியதை மட்டும் நீக்க வேண்டும். துரைமார் மேசைக்கென்று பல்லாண்டுகள் அதைச் சுட்ட அப்பெரியவர், தம் வீட்டில் ஒருமுறையும் சுட்டதில்லையாம். "வெண்ணெய்க்கு எங்கே போவது, சாமி?" என்றார். அந்தக் கைம்பெண்ணின் சமையலறையில் அன்னையர் சிலர் கூடினர். பெரியவர் சொல்லச் சொல்ல அவர்கள் செய்தனர். முதல் அடை வெந்ததும் அவர் ஒரு துண்டை வாழையிலையில் பொதிந்து தம் மனைவிக்கு எடுத்துச் சென்றார்.

செய்முறையை இல்லத்தரசியர் குறித்துக் கொள்ளலாம். 250 கிராம் மைதாவில் கால் தேக்கரண்டி உப்பும் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையும் சேர்க்கவும். குளிர்ந்த வெண்ணெய் 125 கிராமைச் சிறு துண்டுகளாக்கி, விரல் நுனியால் மாவில் உதிர்க்கவும். பட்டாணி அளவில் வெண்ணெய்த் துகள்கள் தெரிய வேண்டும். பின்னர்க் குளிர்ந்த நீர் நான்கைந்து மேசைக்கரண்டி தெளித்து, மாவை ஒன்று சேர்த்தால் போதும். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் அழுத்திப் பிசையலாகாது. ஈரத்துணியால் மூடி அரைமணி நேரம் குளிர்ந்த இடத்தில் வைக்கவும்.

அரைக் கிலோ பழத்தைக் கழுவித் தோலோடு நறுக்கிக் கொட்டையை நீக்கவும். கொட்டையின் உள்பருப்பில் நஞ்சாக மாறும் பொருள் உண்டு. அதைப் பிள்ளைகள் கடித்துத் தின்னாமல் பார்த்துக் கொள்ளவும். நறுக்கிய பழத்தில் 100 கிராம் சர்க்கரை கலக்கவும். மாவை 12 அங்குல வட்டமாகத் தேய்த்துத் தட்டில் இட்டு, நடுவே இரண்டு மேசைக்கரண்டி ரவை தூவவும். பழச்சாற்றை உறிஞ்சி, அடி நனையாமல் காப்பது ரவையின் வேலை. அதன்மேல் பழத்தைப் பரப்பி, இரண்டு அங்குல ஓரத்தை உட்புறமாக மடித்து விடவும். ஓவன் உள்ளவர்கள் 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஏறத்தாழ 45 நிமிடம், ஓரம் பொன்னிறமாகும் வரை சுடலாம். இல்லாதவர்கள் கனத்த பாத்திரத்தில் இரண்டு விரற்கடை மணல் பரப்பிக் கால்மணி நேரம் சூடேற்றி, உள்ளே ஒரு தாங்கியின் மேல் தட்டை வைத்து, காய்ந்த இரும்புத் தோசைக்கல்லால் மூடலாம். நேரம் சற்றுக் கூடும், சுவை குறையாது.

இதற்கு நம் மலையே துணை நிற்கிறது. உதகை கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்றழுத்தம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைவு. நீர் 93 பாகையிலேயே கொதித்துவிடும். சமவெளியின் அளவுப்படி செய்த கேக் இங்கே மளமளவென்று பொங்கி நடுவில் அமுங்கிவிடுவதும் இதனாலேயே. பழ அடையிலோ பொங்கவைக்கும் சோடா கிடையாது. வெண்ணெய் உருகி, அதிலுள்ள ஈரம் ஆவியாகி மாவைப் படலம் படலமாகப் பிரிப்பதே அதன் மென்மைக்குக் காரணம். அதற்கு வெண்ணெய் குளிர்ந்திருக்க வேண்டும். சமவெளிப் பெண்கள் குளிர்பெட்டியை நாட வேண்டியிருக்க, நமக்கு இறைவன் சமையலறை முழுவதையுமே குளிர்பெட்டியாகத் தந்திருக்கிறார்! 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊட்டி வர்க்கியும் படலம் படலமாக உதிர்வதை நினைவில் கொள்க. இக்கைத்திறன் நம் மண்ணுக்குப் புதிதன்று.

அப்பம் பலுகச் செய்த ஆண்டவர், ஐயாயிரம் பேர் உண்டு நிறைந்த பின்னரும் எஞ்சிய துண்டுகளைச் சேர்க்கச் சொன்னார். மலையளவு அப்பத்தை நொடியில் படைக்க வல்லவருக்குத் துண்டுகளின்மேல் ஏன் இத்தனை கவனம்? இறைவனின் கொடையில் அற்பமானது என்று ஒன்றில்லை என்பதற்காகவே. உணவை வீணாக்குவது ஏழையின் மேசையிலிருந்து திருடுவதற்கு ஒப்பாகும் என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013 ஜூன் 5 அன்று தம் மறைக்கல்வி உரையில் எடுத்துரைத்தார். பழத்துக்கு உரைத்தது மனிதருக்கும் பொருந்தும். சந்தைக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட பழமும், வேலைக்கு ஆகாது என்று ஒதுங்கிய முதியவரும், ஆளில்லை என்று கதவடைத்த கைம்பெண்ணும் ஒரே அடுப்பைச் சுற்றிக் கூடியபோது நம் பங்கு ஒரு புதிய விருந்தைக் கண்டது.

அந்த மரம் இன்னும் நிற்கிறது. மறுபடியும் ஏணி எடுத்துச் செல்வோர் இருக்கும் வரை அது நிற்கும். ஆகவே அன்பர்களே, உங்கள் தெருவிலும் பறிக்க ஆளில்லாத மரம் ஒன்று இருக்கக்கூடும். அதன் உரிமையாளரிடம் கேட்டுப் பறித்துக் கொடுங்கள். ஓர் அடை சுட்டு, முதல் துண்டை அவ்வீட்டுக்கே அனுப்புங்கள். அனுப்புவதோடு நில்லாமல், அது ஆறுமுன் சற்று நேரம் அவரோடு அமர்ந்து உண்ணுங்கள்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக!