ஓட வேண்டிய பழமை

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் செல்லும் மலைத் தொடர்வண்டியைப் ‘பொம்மை ரயில்’ என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. அன்பினால் இட்ட பெயர்தான்; எனினும் பொருத்தமான பெயரன்று. கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு 2,203 மீட்டர் உயரத்தில் சென்று நிற்கும் வண்டி அது. 1899ஆம் ஆண்டு குன்னூர் வரையிலும், 1908ஆம் ஆண்டு உதகை வரையிலும் திறக்கப்பட்ட இப்பாதையின் நீளம் 46 கி.மீ. அதற்குள் 16 குகைகளும் 250 பாலங்களும் 208 வளைவுகளும் அமைந்துள்ளன. 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடைப்பட்ட பகுதியே இப்பாதையின் உயிர்நாடி. அங்கு வண்டி பன்னிரண்டரை அடி முன்னேறினால் ஓரடி மேலேற வேண்டும். வழுவழுப்பான தண்டவாளத்தில் சக்கரம் மட்டும் இதனைச் செய்ய இயலாது. ஆகவே, இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்களுள்ள இரும்புப் பட்டைகள் பதிக்கப்பட்டுள்ளன. எஞ்சினின் பற்சக்கரம் அவற்றைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. எஞ்சினில் நான்கு உருளைகள் உள்ளன. இரண்டு உருளைகளில் வேலை செய்து வெளியேறும் நீராவியே மற்ற இரண்டினுள் புகுந்து பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. வீணாக வேண்டிய ஆவியைக் கொண்டே மலையேறும் இந்தச் சிக்கனம் இன்றும் வியக்கத்தக்கது. மலையேறும்போது எஞ்சின் முன்னின்று இழுப்பதில்லை, பின்னின்று தள்ளுகிறது. பெட்டிகள் பள்ளம் நோக்கி உருண்டுவிடாமல் அதுவே தாங்கிக்கொள்ளும். பெட்டிகளின் முகப்பு மேடைகளில் தடைக்கட்டையை இயக்கும் பணியாளர்கள் நின்று, கொடியசைத்து ஒருவருக்கொருவர் செய்தி உணர்த்துவர். ஓட்டுநர் பின்னால் இருக்க, வழியைப் பார்ப்பவர் முன்னால் இருக்கிறார். ஒருவர் கவனம் பிசகினாலும் வண்டி முழுவதற்கும் இடர் நேரும்.

இத்தகைய பழைய வண்டிகளைப் புதுப்பித்துச் சுற்றுலாவுக்காக ஓட்டுவது வீண்செலவு என்பர் சிலர். வடகிழக்குப் பருவமழையில் மண்சரிவு ஏற்பட்டுப் பாதை அடைபடுவதும், அதனைச் சீர்செய்யப் பொருள் செலவாவதும் உண்மையே. அருங்காட்சியகத்தில் நிறுத்திவைத்தால் போதாதா என்பது அவர்தம் வினா. போதாது. நின்றுபோன எஞ்சினில் எஞ்சியிருப்பது அதன் வடிவம் மட்டுமே. கொதிகலனை எவ்வளவு நேரம் சூடேற்ற வேண்டும், எந்த வளைவில் ஆவியைக் குறைக்க வேண்டும், ஈரமான பாதையில் தடையை எப்போது இறுக்க வேண்டும் என்னும் அறிவு ஓட்டுநரின் கையிலும் செவியிலும் வாழ்கிறது. ஒரு தலைமுறைக் காலம் வண்டி ஓடாமலிருந்தால் அதனைக் கற்பிக்க ஆளிருக்காது.

வேறு சிலரோ, பலகையை மாற்றி, கொதிகலனை மாற்றி, இருக்கையையும் மாற்றிய பின்னர் அதனைப் பழைய வண்டி என்பது எவ்வாறு பொருந்தும் எனக் கேட்பர். இது எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று. ஆயினும், நம் ஊர்த் தேர்களை எண்ணிப் பார்க்கலாம். சக்கரம் உளுத்தால் புதுச்சக்கரம் பூட்டுகின்றனர். கால் இற்றால் மாற்றுக்கால் நாட்டுகின்றனர். அதனால் அது வேறு தேர் என எவரும் கூறுவதில்லை. அதே முறையில் செய்கின்றனரா, அதே வீதியில் ஓடுகிறதா என்பதையே பார்க்கின்றனர். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் உருவாக்கப்பட்ட எஞ்சின்கள் முதுமையுற்றபோது, அதே வகை எஞ்சின்களைத் திருச்சிராப்பள்ளி பொன்மலைப் பணிமனைத் தொழிலாளர்கள் புதிதாகச் செய்தளித்தனர். 1855ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்டு, நெடுங்காலம் காட்சிப்பொருளாக நின்ற ‘ஃபேரி குயின்’ எஞ்சின், 1997ஆம் ஆண்டு பெரம்பூர்ப் பணிமனையில் சீர்செய்யப்பட்டு மீண்டும் தில்லியிலிருந்து அல்வருக்கு ஓடியது. இவற்றைப் போலி என்பதைவிட, கைத்திறன் இன்னும் அறுபடவில்லை என்பதற்குச் சான்று என்பதே முறை.

பிழை வேறோரிடத்தில் நேரக்கூடும். மரபு வண்டி என்னும் பெயரால் கட்டணத்தை உயர்த்திக்கொண்டே சென்று, செல்வர் மட்டும் ஏறும் உல்லாச ஊர்தியாக அதனை மாற்றிவிடுவது எளிது. தனிச் சுற்றுலா ஓட்டங்கள் இருக்கட்டும்; அவற்றின் வருவாய் பழுதுபார்க்க உதவும். ஆனால், அவற்றுக்காக அன்றாட வண்டியின் எளிய இருக்கைகளைக் குறைத்தல் கூடாது. வெலிங்டன், அறவங்காடு, கேத்தி, லவ்டேல் ஆகியவை படம் பிடிப்பதற்காகக் கட்டப்பட்ட நிலையங்கள் அல்ல. மூட்டையுடனும் குழந்தையுடனும் ஊர்மக்கள் ஏறி இறங்குவதற்காகவே அங்கு வண்டி நிற்கிறது.